ரீச் அண்ணனும் அருணாச்சலமும்

செல்வி, கதிர், அப்போது நீங்கள் ரொம்பச் சின்னப் பிள்ளைகள், அதனால் எழுதி வைக்கிறேன். நம் திருவண்ணாமலையில் சாவு வீட்டுக்குப் போனாலும் கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டு, "பரவால்ல, நல்ல ரீச்சு" என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான். ரீச் அண்ணன்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கூட "ரீச் சார்" என்றுதான் கூப்பிடுவார். முன்பு ஆட்டோவில் மைக் கட்டி ஜவுளிக்கடைக்கு விளம்பரம் சொல்லிக்கொண்டு போனவர். மைக்கை விற்றுப் பெரிய போன் வாங்கினார். "கத்துனா மூணு தெருவுக்குதான் கேக்கும்பா. இதுல கத்தாமலே லட்சம் பேருக்குக் கேக்கும்" என்பார்.

தன் தங்கச்சி மகள் கல்யாணத்தில், தாலியை எடுத்த மாப்பிள்ளையிடம், "கொஞ்சம் இருப்பா, லைவ்ல பதினோரு பேருதான் இருக்காங்க" என்றார். ஐயர் முறைத்தார். "சாமி, முகூர்த்தம் போனா வேற வரும். ரீச்சு போனா வராது."

நான் செங்கம் ரோட்டில் இட்லிக்கடை போட்ட புதிது. ஈதான் ஓட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மா மீந்த மாவைப் பார்த்துக்கொண்டே, "இந்தப் பௌர்ணமிக்கும் ஆளு வரலன்னா கீழ்பென்னாத்தூருக்கே போயிடலாங்க. கடலைக் காட்டுல மல்லாட்டை புடுங்கியாவது பொழைச்சிக்கலாம்" என்றாள்.

அன்றைக்குக் கடையில் இருந்த ஒரே ஆள் ரீச் அண்ணன். இட்லியை விழுங்கிவிட்டு, "ஏம்மா கவலப்படுற? ஊர் பேரப் போட்டு ஒரு விளம்பரம் விட்டா, இங்க இருக்கிற அத்தன போன்லயும் உன் இட்லிதான்" என்றார்.

திருவண்ணாமலை என்று போட்டிருக்கலாம். "சாமி பேர்ல தொடங்குவோம்" என்று இங்கிலீஷில் அருணாச்சலம் தட்ட ஆரம்பித்தார். பாதியிலேயே போன் ஒரு பெயரைக் காட்டியது. கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு அதை அழுத்தினார்.

மறுநாள் முதல் போன் ஓயவில்லை. எல்லாம் இந்தி. எனக்குத் தெரிந்த இந்தியில் "இட்லி" என்றேன். அவர்களும் "இட்லி" என்றார்கள். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. எதிர் அறையில் வாடகைக்கு இருந்த வடநாட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அண்ணா, இவங்க அருணாச்சலப் பிரதேசம். சைனா பக்கம். கடை எந்தத் தெருன்னு கேக்குறாங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த ரீச் அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும், "ரீச்சு மட்டும் ஜாஸ்திதான்" என்றார் மெதுவாக.

"அவங்கல்லாம் கிரிவலம் வருவாங்களாண்ணா?" என்றாள் உங்கள் அம்மா.

"இப்பவே நடக்க ஆரம்பிச்சா வந்துடுவாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, தட்டில் இருந்ததைச் சாப்பிடாமல் எழுந்து போனார்.

பௌர்ணமியன்று சாயங்காலம் நாலு மணிக்கே கடை வாசலில் வந்து நின்றார். போனை எடுக்கவே இல்லை. வெறும் தொண்டையில், "வாங்கம்மா, வாங்கய்யா, மலை எங்கயும் போவாது, இட்லி ஆறிடும்" என்று ஆரம்பித்தார். கிரிவலம் போனவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் உள்ளே வந்தார்கள். இருந்த மாவெல்லாம் தீர்ந்தது. உங்கள் அம்மா மறுநாளைக்கு இரண்டு பங்கு அரிசி ஊறவைத்தாள். கீழ்பென்னாத்தூர் பேச்சு அதோடு நின்றது. ரீச் அண்ணனுக்குத்தான் மூன்று நாள் குரலே இல்லை. சைகைதான்.

நாலாம் நாள் மத்தியானம், கடையில் யாரும் இல்லாதபோது, போனில் அவருடைய பக்கத்தைத் தேடி எடுத்தேன். அதுவரை பார்த்ததில்லை. ஊரில் உள்ள கடைக்கெல்லாம் வாழ்த்து, யார் யார் பிறந்தநாளுக்கோ பூங்கொத்து. ஒன்றுக்கும் ஒரு லைக் இல்லை. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, மேலிருந்து கடைசிவரைக்கும் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனேன்.