மாடர்னுக்கு வைத்த பொட்டு

சுவரில் படிந்த ஈரத்தைக் காப்பாற்றுவதற்காக, வெள்ளையடிக்க வந்தவர்களின் ஏணியை ஒளித்து வைத்த மனிதர் இந்த உலகத்திலேயே மாடர்னு ஒருவராகத்தான் இருப்பார்.

தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில், என் பிரேம் கடைக்கு எதிர் மாடியில் குடியிருந்தார். ஓவியர். மாடர்ன் ஆர்ட் வரைகிறவர் என்று யாரோ சொல்லப்போய், அதுவே பெயராகிவிட்டது. தபால்காரர்கூட கீழே நின்று “மாடர்னு சார்” என்றுதான் கூப்பிடுவார்.

ஏணி காணாமல் போன அன்று வீட்டுக்கார அக்கா போட்ட சத்தம் சந்து முழுக்கக் கேட்டது.

“ஏன்யா, என் செவுத்துக்கு வெள்ளையடிக்க நான் ஒங்ககிட்ட கேக்கணுமா?”

“அக்கா, நாலு வருச மழை சேந்து வரைஞ்ச படம் இது. அழிச்சா பாவம்.”

“அந்தப் பாவம் எனக்கு வரட்டும். ஏணி எங்க?”

ஏணி என் கடையில் கண்ணாடிகளுக்குப் பின்னால் இருந்தது. யார் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வாரம் நான் அந்தப் பக்கமே தலை நிமிரவில்லை. மாடர்னு மட்டும் அசரவில்லை. வெள்ளையடிக்கும் முன்பே அந்த ஈரத்தை அப்படியே ஒரு பெரிய துணியில் வரைந்து எடுத்துவிட்டார்.

என் கடைக்குச் சாமி படம் வரும், கல்யாண போட்டோ வரும், தவறிப்போனவர்களின் போட்டோ வரும். மாடர்னு கொண்டுவந்தது டீக்கடையில் பஜ்ஜி சுற்றிக் கொடுத்த காகிதம். எண்ணெய் ஊறிப் பரவியிருந்த அதற்கு, தேக்குச் சட்டமும் கண்ணாடியும் போடச் சொன்னார். டீ மாஸ்டர் பார்த்துவிட்டார்.

“அண்ணே, நாளைக்கு வாங்க. வாழைக்கா பஜ்ஜில எண்ணெய் இன்னும் நல்லா எறங்கும்.”

கடையே சிரித்தது. மாடர்னும் சிரித்தார். ஆனால் கடைக்குள் வந்து உட்கார்ந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை.

“தம்பி, ரெண்டு தடவை கண்காட்சி வச்சேன். உள்ள வந்தது வாட்ச்மேன் மட்டுந்தான். அதுவும் பேன் ஆப் பண்ண. இந்தத் தடவை நம்ம சந்துல ஒரு ஆளாவது வந்து நின்னு பாக்கணும். இல்லேன்னா ரூமைக் காலி பண்ணிட்டு எங்க ஊரு எழுமலைக்கே போறேன். அங்க எங்கண்ணன் வயக்காட்டுக்கு ஆளில்லாம கெடக்காரு.”

மேலே அவருடைய பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்ததை நான் பார்த்திருந்தேன். எதிர் ஜன்னல் மூடிக் கிடக்கும் என்று நினைத்ததும் எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

கண்காட்சிக்காகத் தன் முகத்தையே கரியால் வரைந்திருந்தார். அதை பிரேம் போட்டு ஹாலுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, அண்ணனை அழைத்துவர விடியற்காலை பஸ்ஸில் எழுமலைக்குக் கிளம்பிப் போனார்.

அன்றைக்கு என் கடையில் தவறிப்போனவர்களின் படம் மூன்று இருந்தது. அப்படிப்பட்ட படத்தைக் கொடுக்கும்முன் கண்ணாடியில் நெற்றிக்கு நேராகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்போம். உயிரோடு இருப்பவர் படத்துக்கு வைக்கவே மாட்டோம். அவற்றோடு மாடர்னு படமும் இருந்தது; அதுவும் கறுப்பு வெள்ளை முகம், சிரிப்பு இல்லை. என் கை அதன்பாட்டுக்கு நாலாவது பொட்டையும் வைத்துவிட்டது. பேப்பர் சுற்றி, அவர் வரைந்த மற்ற படங்களோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

ஹால் வாட்ச்மேன் படங்களை மாட்டும்போது அதைப் பிரித்துப் பார்த்து அதிர்ந்துபோனார். நல்ல மனிதர். இரண்டு முழம் பூ வாங்கிப் போட்டு, ஊதுபத்தி கொளுத்தி வைத்தார். டீ கொண்டுபோன மாஸ்டர் அதைப் பார்த்தார். சந்தின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அரை மணியில் ‘கண்ணீர் அஞ்சலி’ பிளெக்ஸும் வந்துவிட்டது. இந்த விஷயத்தில் மதுரைக்காரர்கள் யாரையும் காக்க வைப்பதில்லை.

மாடர்னு போனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. பஸ்ஸில் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து, செருப்பைக்கூடப் போடாமல் ஹாலுக்கு ஓடினேன். படத்தில் பொட்டைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அது என் கை வைத்த பொட்டு. சொல்லலாமென்றால் சந்தே திரண்டு நிற்கிறது. மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன்.

பின்னாலிருந்து யாரோ சட்டையை இழுத்தார்கள். தூணுக்குப் பின்னால் மாடர்னு! அண்ணன் வர மறுத்துவிட்டதால் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பியிருக்கிறார்.

“மூச்சு விட்றாதீங்க தம்பி” என்றார் மெதுவாக. “எல்லாரும் பாக்காக.”

உண்மைதான். துக்கத்துக்கு வந்தவர்கள் உடனே திரும்ப முடியாமல், ஒவ்வொரு படமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அட, நம்ம கட பஜ்ஜி பேப்பரு!” என்றார் மாஸ்டர். “நின்னு பாத்தா ஆறு ஓடுற மாதிரில்ல இருக்கு.”

வீட்டுக்கார அக்கா சுவர் ஈரத்தை வரைந்த துணியின் முன்னால் நின்று மூக்கைச் சிந்தினார். “இம்புட்டு அழகையா அழிச்சேன், பாவி!” பிறகு முகத்தின் முன்னால் வந்தார். “உசுரோட இருக்கையில இந்த மொகத்த ஒரு நா நின்னு பாக்கலையே. கண்ணு ரெண்டும் பேசுது.”

மாடர்னுக்குப் பொறுக்கவில்லை.

“எடது கண்ணு மட்டும் கொஞ்சம் சின்னதாயிருச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம்க்கா.”

“அதெல்லாம் சரியாத்தான் இருக்கு” என்று கண்ணைத் துடைத்தபடியே திரும்பினார் அக்கா.

அந்த அலறலை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. மாஸ்டர் ஓடிய ஓட்டத்தில் டீ டிரம்மை விட்டுவிட்டுப் போனார்.

எல்லாம் அடங்கிய பிறகு, “எந்த வெளங்காதவன் பொட்டு வச்சது?” என்று மாஸ்டர் திரும்பி வந்து கத்தினார். நான் கையைத் தூக்கினேன். மாடர்னு என் தோளில் கை போட்டுக்கொண்டு, துண்டால் பொட்டைத் துடைத்தார்.

“இத நான் போன பெறகு வச்சுக்கிருவோம் தம்பி. இப்பத்தான பாக்க ஆரம்பிச்சிருக்காக.”

அஞ்சலி பிளெக்ஸைத் தன் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி, அதையும் கண்காட்சியில் சேர்த்துக்கொண்டார். சாயங்காலம் மேலே போய்ப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். அடுத்த மழைக்கு வீட்டுக்கார அக்காவே மாடிப்படியில் நின்று கூப்பிட்டார்: “மாடர்னு, புதுசா ஒண்ணு வந்திருக்கு. வந்து பாருங்க.”

போன தை மாதம் அவர் நிஜமாகவே போய்விட்டார். அந்தப் படம் என் கடையில்தான் இருக்கிறது. தினமும் கண்ணாடியைத் துடைக்கிறேன். வருகிறவர்கள், “ஏண்ணே, பொட்டு வைக்கலையா?” என்று கேட்கிறார்கள்.

“ஒரு தடவை வச்சாச்சு” என்கிறேன்.

என் கடையில் தூண் கிடையாது. இருந்தாலும், சொல்லிவிட்டு ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.