அசையாத காந்தம்

ஆவடி குவார்ட்டர்ஸில் 'காந்தம்' என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்த மனிதர் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. தூக்கத்திலும் பேசுவதாக அவர் வீட்டம்மாவே புலம்பியிருக்கிறார்.

தொழிற்சாலை உலைப் பிரிவில் சோதனைக்கூடத்து ஆள். உடைந்த ரேடியோவின் காந்தத்தை நூலில் கட்டி, நாயைக் கூட்டிப்போவதுபோல் தெருவில் இழுத்துப்போவார். எங்கள் பாதையெல்லாம் உலைக் கசடு கொட்டிப் போட்டது. காந்தம் இரும்புத் துகள் ஒட்டி மீசை முளைத்துத் திரும்பும். யார் கறுப்புக் கல் காட்டினாலும் நூலைத் தொங்கவிடுவார். ஆடினால் கசடு, உள்ளே இரும்பு மணி இருக்கிறது. வானத்திலிருந்து விழும் கறுப்புக் கண்ணாடியில் இரும்பு கரைந்திருக்குமே தவிர மணியாக இருக்காது, காந்தம் சும்மா நிற்கும். இதை ஆயிரம் தடவை சொன்னார், நாங்கள் காதில் வாங்கவில்லை. இரும்போடு புழங்கும் எங்களுக்கு வானத்திலிருந்து விழுவதெல்லாம் இரும்புதான்.

எண்பதுகளின் கடைசியில், கப்பல்காரப் புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு ஸ்டெல்லா அக்கா எங்கள் வீட்டு வரிசையிலிருந்த தன் தம்பி வீட்டுக்கு வந்தார். உடல் கிடைக்கவில்லை, பெட்டி மட்டும் வந்தது. அதில் துளி வடிவத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி. கிழக்கே ஏதோ தீவில் வாங்கியது, வானத்திலிருந்து விழுந்தது என்று புருஷன் முன்பே கடிதம் எழுதியிருந்தாராம்.

கல் வந்த வாரம் கோழிகள் வரிசையாகச் செத்தன. மறுவாரம் பக்கத்து வீட்டுப் பெரியவர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. நாய்கள் அந்த வாசலைத் தாண்டாமல் எதிர் ஓரமாகவே போயின. பட்டப்பகலில்கூட நான் சைக்கிளைச் சுற்று வழியில் விடுவேன். அது வானத்துக் கல்தான் என்றால் கல் போக வேண்டும், இல்லை அக்கா போக வேண்டும் என்று வரிசைக்காரர்கள் தம்பியிடம் சொல்லிவிட்டார்கள். அக்கா கல்லை விடுவதாக இல்லை. அவருக்கு வேறு போக்கிடமும் கிடையாது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்த வெயிலில், காந்தத்தைக் கூப்பிட்டார்கள். நூல் தொங்கியது. காந்தம் அசையவே இல்லை.

"இரும்பே இல்ல. வெறும் பாட்டில் கண்ணாடிப்பா" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தபடி கலைந்தார்கள். காந்தம் மறுக்க வாயைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்த நான் மட்டும் மிச்சம். "அப்போ லெட்டர்ல அவுரு பொய் சொன்னாராண்ணே?" என்று அக்கா காந்தத்தைக் கேட்டார்.

அவர் கல்லை வெயிலில் பிடித்துக் காட்டினார். மேலெல்லாம் குழிகள், ஓரத்தில் கடுங்காப்பி நிறம். "நெசந்தாம்மா சொல்லிக்கீறாரு. மேலேர்ந்து ஒண்ணு வந்து மோதி, மண்ணு உருகி, ஆகாசம் வரிக்கும் போயி திரும்பி வந்துக்கீது. வெளிய சொல்லிக்காத."

"மண்ணே திரும்பி வந்துக்கீது" என்றார் அக்கா. கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனார்.

அக்கா அந்த வீட்டிலேயே இருந்தார். நாய்கள் கடைசிவரை எதிர் ஓரமாகத்தான் போயின. கல்லைப் பற்றிக் காந்தம் சாகும்வரை யாரிடமும் மூச்சு விடவில்லை. அவ்வளவு நல்ல மனிதரை நாங்கள் கிண்டல் பண்ணியே காலத்தைக் கழித்தோம்.