அமோனியா டெஸ்ட்டும் ரெண்டு பாட்டிலும்

தொண்ணூறுகள்ல ஒரு திங்கக்கெழமைங்க. எனக்கு அன்னிக்கு ஒரே ஒரு வேலை. ஊட்டு மீன் தொட்டித் தண்ணியில அமோனியா இருக்குதான்னு பாக்கோணும்.

தொட்டி, சூலூர் மச்சினன் எம்பட மகளுக்கு வாங்கிக் குடுத்தது. தண்ணி ஊத்துன அன்னிக்கே ஆறு தங்கமீனையும் உள்ள உட்டுப்போட்டேன். நாலாம் நாள் ஒண்ணு செத்துப்போச்சு. மீதி அஞ்சும் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. புள்ள ஒரே அழுகை.

"தண்ணி கண்ணாடியாட்ட இருக்குதுங்களே?"ன்னா ஊட்டுக்காரி.

"அமோனியா கண்ணுக்குத் தெரியாது அம்மணி. எங்க பள்ளிக்கூட லேப்ல பாத்துட்டு வாரேன்."

நான் கெமிஸ்ட்ரி வாத்தியாருங்க. வேற யாருக்குத் தெரியும்?

ஒரு பழைய ஸ்குவாஷ் பாட்டில்ல தொட்டித் தண்ணி. அதே மாதிரி இன்னொண்ணுல குடிக்கற தண்ணி.

"ஏனுங்க, ஒரு சீட்டு ஒட்டிக்குங்க."

"பதினாறு வருசமா பாட்டில் புடிக்கற கை இது!"

மொத பீரியடு லேப்புக்குப் போனேன். தண்ணியில மருந்து ரெண்டு சொட்டு உட்டேன். அமோனியா இருந்தா மஞ்சளாகோணும். ஆகவே இல்ல! இன்னும் ரெண்டு சொட்டு. ம்ஹும்!

லேப் உதவியாளர் மயில்சாமி எட்டிப் பாத்தாரு. "சார், இது கொழாத் தண்ணியாட்ட இருக்குதுங்க."

"அவ்வளவு சுத்தமா வெச்சிருக்கேனுங்க தொட்டிய!"

அந்தப் பெருமையில மத்தியானம் எலுமிச்சம்பழச் சோத்த ஒரு புடி புடிச்சேன். மேல முக்காப் பாட்டில் தண்ணி. ருசி ஒரு மாதிரிதான் இருந்துச்சு. 'இவ பாட்டிலச் சரியா கழுவறதே இல்ல'ன்னு மனசுக்குள்ள ஊட்டுக்காரியத் திட்டிக்கிட்டே குடிச்சேன்.

அடியில மிச்சமிருந்த தண்ணியில செவப்பா என்னமோ மெதந்துச்சு.

மீன் தீனி!

லேப்புக்கு ஓடுனேன். மிச்சத் தண்ணியில மருந்து உட்டதும் மஞ்சளையும் தாண்டி டீத்தண்ணி நெறத்துக்குப் போயிருச்சு!

மயில்சாமி பயந்துட்டாரு. "சார், இதுல மீன் உசுரோட இருக்குமுங்களா?"

"மீன் கெடக்கட்டுமுங்க! நான் இருப்பனா?"

அரை நாள் லீவு போட்டு உக்கடத்துல ஒரு மீன் கடைக்குப் போனேன். எனக்கு ஒண்ணும் ஆகலைங்க, மூணு ஏப்பத்தோட போச்சு. குடிச்சத மட்டும் மறச்சுப்போட்டு மீதிக் கதையச் சொன்னேன். கடைக்காரரு தலையில கைய வெச்சுக்கிட்டாரு.

"புதுத் தொட்டியில ஒரே நாள்ல ஆறு மீனுங்களா? அதுக கழியறதுதானுங்க அமோனியா. அதத் திங்கற நுண்ணுயிரு வளர ஒரு மாசம் ஆகுமுங்க. அதுவரைக்கும் தீனியக் கொறச்சுப் போடுங்க. முந்துன நாளே புடிச்சு வெச்ச தண்ணிய ஊத்தி, தெனமும் கொஞ்சம் மாத்துங்க."

அவரோட பழைய தொட்டியில இருந்து அழுக்குப் பஞ்சு ஒரு துண்டு எடுத்துக் குடுத்தாரு. "இத உங்க பில்டர்ல வெச்சுப்போடுங்க. கழுவிப்போடாதீங்க! அந்த அழுக்குலதான் நுண்ணுயிரு இருக்குது."

அவரு சொன்னபடியே செஞ்சேன். அஞ்சு மீனும் பொழச்சுக்கிச்சுங்க.

அன்னிக்குப் பஞ்ச வாங்கிட்டுக் கெளம்பறப்ப கடைக்காரரு கேட்டாரு, "சார் என்ன உத்தியோகமுங்க?"

"தமிழ் வாத்தியாருங்க."