மச்சான் இல்லாத ஊர்கள்

ஐரோப்பாவுக்குப் போவேன், ஆனால் ஒரு மச்சான் வீட்டு வாசற்படியையும் மிதிக்க மாட்டேன் என்று அப்பா சபதம் போட்டது 2008 ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் துலக்கிக்கொண்டே. வாயில் நுரை இருந்ததால் சபதத்தை இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.

சபதத்தில் நியாயம் இருந்தது. அதை நான் இன்றும் மறுக்கவில்லை. அம்மாவின் பெரியப்பாக்கள் மூன்று பேரும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள். புதுச்சேரியில் அப்படிப்பட்ட வீட்டை ‘சொல்தா வீடு’ என்பார்கள். அவர்கள் பெற்றதெல்லாம் பிரெஞ்சுக் குடிமக்களாகி அங்கேயே பரவிவிட்டது. இங்கிருந்து யார் போனாலும் அங்கே வீட்டுக்கு ஒரு வேளை சாப்பிட்டே ஆகவேண்டும். ஓட்டலில் தங்கினால் அவமானம், மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. எதிர்வீட்டு சாமிக்கண்ணு மாமா போன வருஷம் போய் இருபது நாளில் பதினான்கு வீட்டில் சாம்பார் சாப்பிட்டு, ஒன்பது கல்யாண வீடியோ பார்த்துவிட்டு எங்கள் மூலக்குளத்துக்குத் திரும்பினார். ஈஃபில் கோபுரத்தைக் காரில் போகும்போது பார்த்தாராம். அதுவும் முதுகுப் பக்கம்.

அப்பாவுக்கு வேண்டியது ஒரே ஊர், வெனிஸ். கோவிந்தராசு ஓவர்சியர் என்றால் இந்த ஊர் வாய்க்கால்களுக்கெல்லாம் தெரியும். இருபத்தாறு வருஷம் அவற்றைத் தூர்வார வைத்தவர். வாய்க்காலே தெருவாக ஓர் ஊர் இருக்கிறது, அதைக் காசு கொடுத்துப் பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனுஷருக்கு நிம்மதி போய்விட்டது.

நான்கு நாட்டு ரயில் பாஸ், நாட்டுக்கு ஒன்றாக நான்கு ஊரில் இறங்கலாம். எந்த ஊர்கள் என்பதுதான் கேள்வி. அப்பா கூடத்துத் தரையில் வரைபடத்தை விரித்து, சிவப்புப் பென்சிலோடு குந்தினார். முறை எளிது. அம்மா ஊர் ஊராகச் சொந்தக்காரர்களைச் சொல்ல வேண்டியது, அப்பா அந்த ஊரை அடித்துவிட வேண்டியது.

நான் எம்.ஏ. அரசியல் படிப்பவள். வழக்காடும் கட்சிக்காரரையே ஒரே சாட்சியாகவும் வைப்பது எந்த ஊர் நியாயத்திலும் சேராது என்று அங்கேயே எடுத்துச் சொன்னேன். உங்கம்மாவுக்குப் பொய் சொல்ல வராது என்றார் அப்பா. இருபத்திரண்டு வருஷமாக அம்மாவோடு வாழ்கிறவள் நானும்தான். நான் அந்த முடிவுக்கு வரவில்லை.

“ஆம்ஸ்டர்டாம்?”

“கன்னியப்பன் அண்ணன் அங்கதான இருக்குது. குடும்பத்தோட.”

அப்பா அடித்தார்.

“லூசர்ன்?”

“பிரேம்குமாரு. ரெண்டு வீடு.”

“ஒருத்தனுக்கு இன்னாத்துக்குடி ரெண்டு வீடு?”

“அண்ணி வூட்டுக்காரங்களும் அங்கதாங்க.”

அப்பா இரண்டு தடவை அடித்தார். அப்புறம் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். வெனிஸ் என்று சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். “நம்ம ராஜாம்பாள் சித்தி பையன் சிலம்பரசன். படகு ரிப்பேரு கடை வெச்சிருக்கான். வாய்க்கா ஓரத்துலியே வூடு. மாமா வந்தா பத்து நாளைக்கு அனுப்பமாட்டேன்னு சொல்லினே இருப்பான்.”

படகு ரிப்பேர் கடை என்றதும் நானே நம்பிவிட்டேன். பொய்க்கு எதற்கு அவ்வளவு விவரம்? இருந்தாலும் வாதாடினேன். வெனிஸ் பெரிய ஊர், ஒரே ஒருவர், கண்ணில் படாமல் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்றேன். ஒருத்தன் போதும்டி, போனைப் போட்டு மிச்சப் பேரை வரவழைச்சிடுவான் என்றார் அப்பா. ஆனாலும் பென்சில் தயங்கியது. அப்போதுதான் அம்மா சொன்னாள், “வெனிஸ மட்டும் உட்டுடுங்களேன். பாவம், அந்தப் பையன் ஆசையா இருப்பான்.”

வரைபடமே கிழிகிற மாதிரி அடித்தார்.

இப்படி அடித்து அடித்துக் கடைசியில் நின்றவை நான்சி, லக்சம்பர்க், சார்ப்ரூக்கன், பாசல். உலகத்தில் யாரும் முதல் பயணத்துக்கு இந்த நான்கையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். ஜெர்மனிக்குப் போய் சார்ப்ரூக்கனில் எதற்கு இறங்குகிறோம் என்று கேட்டேன். அங்கே யாரும் இல்லை, அதுக்குத்தான் என்றார். ஊரின் பெருமைக்கு இதை ஒரு காரணமாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அம்மாவோ, தெரியாத ஊர்ல போயி இன்னா பண்ணுவோம் என்று மூன்று நாள் கவலைப்பட்டாள். அவள் கவலைப்படக் கவலைப்பட அப்பாவுக்கு நிறம் ஏறியது. பிரவுசிங் சென்டருக்குப் போய் நான்கு ஊரிலும் ஓட்டலுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

மே மாதம் பெட்டி கட்டும்போது வடகம், மிளகாய்ப் பொடி, ஊறுகாய் எல்லாம் சேர்ந்து பதினோரு கிலோ. யாருக்கு என்று கேட்டார் அப்பா. வழியில பசிச்சா என்றாள் அம்மா. வடகத்தை ரயிலில் எங்கே பொரிப்பது என்று நான் கேட்டேன். ரெண்டு பேரும் என்னை முறைத்தார்கள். இந்த வீட்டில் சரியான கேள்விக்குக் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

பாரிசில் இறங்கியதும் அப்பா எங்களை ஓட்டமாக ஓட்டி ரயிலேற்றினார். ஒன்றரை மணி நேரம் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து, அந்நிய மண்ணில் மச்சான் இல்லாமல் மூச்சு விடுவதன் சுகத்தைப் பற்றி எனக்கு விளக்கினார். அம்மா தூங்கினாள்.

நான்சியில் இறங்கினோம். பிளாட்பாரத்தில் பதினேழு பேர். முன்வரிசையில் மாலை.

பின்னால்தான் எனக்கு உறைத்தது. அம்மாவின் பெரியப்பா பிள்ளைகளும் பட்டாளத்தில்தான் சேர்ந்தார்கள். பட்டாளத்தை எங்கே வைப்பார்கள்? ஜெர்மன் எல்லையோரம்தான். ரிட்டயரானவர்கள் அங்கங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள், சிலர் எல்லையைத் தாண்டி வேலைக்குப் போனார்கள். சொந்தக்காரர்கள் இருக்கிற ஊர்களில் இல்லை என்றும் இல்லாத ஊர்களில் இருக்கிறார்கள் என்றும் அம்மா சொன்னாள். மிச்ச வேலையை அப்பாவின் பென்சில் செய்தது. அரசியல் படிப்பவள் நான், இதைக் கோட்டை விட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

மாலையைப் போட்ட இளைஞன் அப்பாவின் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டான். “மாமா, சாப்பாடு ரெடி. லக்சம்பர்க்குல கன்னியப்பன் அண்ணன் வெயிட் பண்ணுது, பாசல்ல பிரேம்குமாரு. ஓட்டலுக்கெல்லாம் அக்கா சொன்ன அன்னிக்கே வேணாம்னு சொல்லிட்டோம்.”

“நீ யாருப்பா?”

“சிலம்பரசன் மாமா. ராஜாம்பாள் பையன்.”

அப்பா கழுத்து மாலையை ஒதுக்கிவிட்டு அவனைப் பார்த்தார். “நீ வெனிஸ்ல இல்ல?”

“நான் அந்த ஊரப் பாத்ததே இல்லியே மாமா.”

அப்பா மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா பையிலிருந்து வடகப் பொட்டலங்களை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“பாக்கியம், அப்ப வெனிஸ்ல?”

“அங்க நமக்கு யாருங்க இருக்காங்க,” என்றாள் அம்மா, “போயி எறங்கறதுக்கு?”