ஜெபராணி டீச்சருக்கு ஒரு மறைப்பு

மூன்றாவது முறையாகச் செம்பருத்திச் செடிக்குள் விழுந்து எழுந்த ஜெபராணி, முழங்கையைப் பார்க்கவில்லை. தெருவைத்தான் பார்த்தாள்.

பாளையங்கோட்டையில் முப்பத்தாறு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்ற மறுவாரமே சைக்கிள் வாங்கி, வீட்டுத் தோட்டத்தில் ஓட்டிப் பழகத் தொடங்கியிருந்தாள். சின்ன வயதில் அவள் அப்பா கூடாது என்று சொல்லிவிட்ட ஆசை அது. ஆனால் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் போகிறவர்களில் பாதிப்பேர் அவளிடம் பிரம்படி வாங்கிப் படித்தவர்கள்.

“நான் விழுதத ஒருத்தரும் பாக்கக்கூடாது,” என்றாள் கணவர் கிருபைராஜிடம். “ஒரு மறைப்பு கட்டுங்க. இல்லன்னா சைக்கிள யாருக்காவது குடுத்துருங்க.”

அன்றே தச்சர் பிச்சைக்கண்ணு வந்தார். பூவரசம் பலகைகளை நெட்டுக்கு நிறுத்தி, கறையான் ஏறாமலிருக்க அடியில் ஒரு சாண் விட்டு, வேலி நீளத்துக்கு ஆளுயர மறைப்பு எழுப்பினார். இரண்டு நாள் வெயிலில் பலகைகள் காய்ந்து சுருங்கின. இடுக்கு விழுந்தது. இடுக்குக்கு ஒரு கண் வந்து ஒட்டிக்கொண்டது.

கிருபைராஜ் பலகைகளைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சாய்த்து அடிக்கச் சொன்னார். கண்கள் மறைந்தன. ஆனால் அது ஆனி மாதம். சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஜெபராணி சைக்கிளை எடுக்கிற அதே நேரத்தில், மலைப்பக்கமிருந்து காற்று எழுந்தது. மறைப்பு பாடத் தொடங்கியது.

வெறும் விசில் சத்தமில்லை அது. தேவாலயத்து ஆர்கனில் யாரோ கீழ்ச்சுரக் கட்டையை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பதுபோல் ஒரு முழக்கம். அதன்மேல் மெல்லியதாக இரண்டு மூன்று சுரங்கள். நாற்பது வருஷம் பாடகர் குழுவில் நின்ற கிருபைராஜுக்கே உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் வாசலில் பத்துப் பேர். அதற்கு மறுநாள் முப்பது. கீரை விற்கும் சந்தனமாரி கூடையை இறக்கிவைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள். ஜவுளிக்கடை தேவேந்திரன் வெள்ளை வேட்டியோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜெபத்துக்கு வந்தவர்கள்போல எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. அதைப் பார்த்த கிருபைராஜும் செருப்பைக் கழற்றினார்.

ஒருத்தரும் பார்க்கக்கூடாது என்று சொன்னால் ஊரையே கூட்டிவிட்டீர்களே என்று ஜெபராணி சாப்பாட்டு நேரமெல்லாம் கேட்டாள். அவர் இடுக்குகளில் தேங்காய் நாரைத் திணித்தார். முழக்கம் இன்னும் கனத்தது. கூட்டம் இரட்டித்தது.

கடைசியாக, வெளிப்பக்கம் முழுக்க இன்னொரு அடுக்குப் பலகை அடிக்கச் சொன்னார்.

“காத்து போக வழி வேணும் அண்ணாச்சி,” என்றார் பிச்சைக்கண்ணு.

“போவாண்டாம் வே. அடியும்.”

சத்தம் நின்றது. பாடுவதற்கு வழியில்லாத காற்று, மறைப்பை மொத்தமாகப் பிடித்துத் தள்ளியது. மறைப்பின் கால்கள் முறிந்து, அத்தனை நீளமும் ஒரே வீச்சில் செம்பருத்திச் செடிகள்மேல் சாய்ந்தது.

புழுதி அடங்கியபோது ஜெபராணி தோட்டத்தின் மறுகோடியில் நெல்லிமரத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். நிறுத்தத் தெரியாததால் சுற்றிக்கொண்டே இருந்தாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். முதுகு நேராக இருந்தது. முகத்தில் பயத்தைக் காணோம்.

பதினோரு நாளாகப் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்த கிருபைராஜ் அப்போதுதான் மனைவியைப் பார்த்தார். வாய் திறந்தபடி நின்றார். தெரு மொத்தமும் எழுந்து நின்றது. நாலாவது சுற்று முடிகிறவரை யாரும் உட்காரவில்லை.

பிறகு அவர் சுதாரித்துக்கொண்டு, பாட்டுக் கேட்க வந்தவர்கள் மன்னிக்க வேண்டும், இனி அது வராது என்றார்.

சந்தனமாரி அவரை விநோதமாகப் பார்த்தாள்.

“பாட்ட யாரு அண்ணாச்சி கேட்டா? பலகைக்குக் கீழ ஒரு சாண் விட்டிருந்தியள்லா, அதுவழியா டீச்சர் கால் தரையில ஊனுதத இத்தன நாளா எண்ணிக்கிட்டு இருந்தோம். இன்னைக்கு ஒரு தடவகூட ஊனல.”