ஸ்டெல்லா என்று சொல்லியிருக்கலாம்

பேசாத மனிதனை அறிவாளி என்று ஊர் நம்பிவிடும். அவன் வாயைத் திறக்கும் நாள் வரை அந்த நம்பிக்கைக்குச் சேதாரம் கிடையாது. நாற்பத்தைந்து வயது வரை நான் அந்த நம்பிக்கையில்தான் காலம் தள்ளினேன். ஊர்க்கூட்டத்தில் கம்பத்துக்குப் பின்னால் நிற்பேன். யாராவது கருத்துக் கேட்டால் தாடையைத் தடவுவேன். (கருத்து ஒன்றும் இருக்காது. தாடை அரிக்கும்.) "ஏழுமலை பேசமாட்டான், ஆனா எல்லாம் தெரியும்" என்று எனக்கு ஒரு பேர் இருந்தது.

அந்தப் பேர் ஒரு சாயங்காலம், ஒலிபெருக்கி வழியாக, ஏரியின் இரண்டு கரைக்கும் கேட்கும்படி போய்ச் சேர்ந்தது.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. கருவாடு காயவைக்க யாரோ புண்ணியவான்கள் ஒரு சிமெண்ட் தளம் கட்டிக்கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் அதன் இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, இரும்பு வளையம் மாட்டி, கூடைப்பந்து மைதானம் என்று அறிவித்துவிட்டார். முதல் நாள் பார்க்கப்போன எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பந்தைக் கூடையில் போடுகிறார்கள், அது கீழே விழுகிறது, எல்லாரும் கை தட்டுகிறார்கள். அடியில்லாத கூடையில் மீனைக் கொட்டினால் எங்கள் வீட்டில் உதைதான் விழும்.

ஆனால் என் மகள் அஞ்சலிக்கு அந்த விளையாட்டு பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. பதினாறு வயது. அவள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் ஏரியில் மடவை மீன் துள்ளிக்கொண்டு போவதுபோல் இருக்கும். (அப்பன் சொல்வது. பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.)

வருடா வருடம் நான்கு குப்பத்துப் பெண்களுக்கும் போட்டி நடக்கும். சனிக்கிழமை இரண்டு ஆட்டம், ஜெயித்த இரண்டு ஊருக்கும் ஞாயிற்றுக்கிழமை பைனல். எங்கள் ஊரில் விளையாட நான்கு பெண்கள்தான் இருந்தார்கள், ஐந்தாவது ஆள் இல்லை. மற்ற ஊர்களிலும் ஏறக்குறைய அதே கதை. அதனால் பொன்னேரி காலேஜிலிருந்து நான்கு பெண்களை வரவழைத்து, ஊருக்கு ஒருத்தியைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். அந்த நான்கு பேரில் ஸ்டெல்லா என்று ஒருத்தி உண்டு. நின்ற இடத்திலிருந்தே வளையத்தை எட்டித் தொடும் உயரம். அவள் எந்த ஊருக்கு ஆடுகிறாளோ அந்த ஊர்தான் ஜெயிக்கும். முந்தைய வருடம் அவளுக்காக நான்கு ஊரும் சண்டை போட்டு, இரண்டு நாற்காலியும் ஒரு மூக்கும் உடைந்தன.

எனவே அந்த வருடம் வாத்தியார் சட்டம் போட்டார். ஊருக்கு ஒரே ஒரு ஆள் மேடைக்கு வரவேண்டும். சீட்டுப் போட்டு, முதல் சீட்டு வந்த ஊர் முதலில் ஆளை எடுக்கும். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. மைக்கில் சொன்ன முதல் பேரே முடிவு. மாற்றம் கிடையாது, சண்டை கிடையாது.

இங்கேதான் என் கை உள்ளே வருகிறது. ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை நாங்கள் சீட்டுப் போட்டு முடிவு செய்வோம். நல்ல இடத்தை ஒருவனே பிடித்துக்கொண்டு உட்கார முடியாது. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை மாறி வரும். அதற்குப் பாடு என்று பேர். பாடு பிரிக்கும் சீட்டில் என் கை ராசியான கை. விட்டால் நல்ல இடம்தான் வரும்.

எங்கள் டீமைப் பார்த்துக்கொள்ளும் பாபு, ஐஸ் ஷெட்டில் கூட்டம் போட்டான்.

"ஏழுமலைய அனுப்புவோம். கையும் ராசி, வாயும் இல்ல. சண்டைக்கும் போவமாட்டான்."

"முதல் சீட்டு வந்தா யாரை எடுக்கறதுன்னு முடிவு பண்ணுங்கப்பா" என்றார் ஒருவர்.

"இன்னா முடிவு? ஸ்டெல்லாதான்."

"உயரமா இருந்தா போதுமா? தென்னமரங்கூடத்தான் உயரமா கீது."

"தென்னமரம் பந்து போடுமா? வாய மூடு மாமா."

ஒரு மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் அஞ்சலிதான் எழுந்து என் முன்னால் வந்து நின்றாள்.

"நைனா, நல்லா கேட்டுக்கோ. பைனல் பாக்க மெட்ராஸ்லேர்ந்து ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் சார் வர்றாரு. பைனல்ல ஆடறவங்களதான் பாப்பாரு. ஹாஸ்டல்ல சேர்ற வயசு எனக்கு இந்த வருசத்தோட முடியுது. ஸ்டெல்லா அக்கா இருந்தாத்தான் நாம பைனல் போவோம். புரிஞ்சுதா?"

தலையை ஆட்டினேன்.

"சொல்லு பாக்கலாம்."

"ஸ்டெல்லா" என்றேன்.

"அவ்ளோதான். ஒரு வார்த்தை. வேற எதுவும் யோசிக்காத."

வேறு எதுவும் யோசிக்காதே என்று சொன்னால் கேட்கிற மாதிரியா கடவுள் என் மண்டையைப் படைத்திருக்கிறார்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் நான்கு ஊரும் கூடியிருந்தது. மேடையில் நான்கு காலேஜ் பெண்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் இருந்த புவனா என்ற பெண்ணுக்குக் காலில் பெரிய கட்டு. காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் பிசகிவிட்டதாம். கடைசிச் சீட்டு யாருக்கு வருகிறதோ அவர்கள் தலையெழுத்து அவள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அக்கரைக் குப்பத்துக்காக மேடைக்கு வந்தது என் மச்சான் சேகர். என் மனைவி குமாரியின் தம்பி. அவனுக்கு வாய் மட்டும் பத்து ஆள் கனம்.

"இன்னா மச்சான், உன்னையா அனுப்பிக்கிறாங்க? மைக்ல பேசணுமே, தெரியுமா?"

சிரித்து வைத்தேன்.

வாத்தியார் பேசினார். "நாலு ஊருக்கும் சமமா இருக்கணும்னுதான் இந்தச் சீட்டு முறை. யாருக்கும் அநியாயம் நடக்கக் கூடாது."

அந்த மனிதர் இதோடு நிறுத்தியிருக்கலாம். இல்லை, நான் காதைப் பொத்தியிருக்கலாம். சமம், சீட்டு, முறை. ஏரிக்காரன் காதில் இந்த மூன்றும் சேர்ந்து விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஓ, இதுவும் பாடுதான்! ஆள் மாறிக்கொண்டே வருவார்கள்!

சீட்டு எடுத்தேன். பிரித்தேன். முதல் சீட்டு. எங்கள் ஊர்ப் பக்கம் விசில் பறந்தது. பாபு துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினான். அஞ்சலி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

மைக்கை நோக்கி நடந்த அந்த நாலடி தூரத்தில் என் மூளை வேலை செய்த வேகத்தை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. இன்றைக்கு ஸ்டெல்லாவை நாம் எடுத்தால், முறை மாறி ஞாயிற்றுக்கிழமை பைனலுக்கு அவள் எதிரியிடம் போய்விடுவாள். இந்த முட்டாள்கள் யாரும் இதை யோசிக்கவில்லை! நாளை நமக்கு ஆட்டம் வடக்குக் குப்பத்தோடு. அந்தப் பெண்கள் பந்தைக் கண்டால் உயிர் நண்டைக் கண்டதுபோல் கையை இழுத்துக்கொள்வார்கள். அவர்களை நம் நான்கு பெண்களே முடித்துவிடுவார்கள். ஆகையால் நாளைக்குக் கால் கட்டுப் போட்ட பெண்ணை வாங்கிக்கொள்வோம். பைனலுக்கு ஸ்டெல்லா நம்மிடம் வருவாள், கால் கட்டு எதிரிக்குப் போகும்.

மைக்கைப் பிடித்தேன். வாழ்நாளில் முதல் முறை.

"புவனா" என்றேன்.

விசில் நின்றது. தொலைவில் ஒரு படகு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அது கூட நின்றுவிட்டதுபோல் இருந்தது. பாபுவின் துண்டு அவன் தலையிலேயே விழுந்து முகத்தை மூடியது. அதை எடுக்காமல் அப்படியே நின்றான். குமாரி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எல்லாரையும் பார்த்துப் புன்னகை செய்தேன். (என் தந்திரத்தைக் கண்டு வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.)

எல்லாரையும்விட அதிர்ந்துபோனவள் புவனாதான்.

"என்னையா அங்கிள்? என்னால நிக்கவே முடியாது."

"பரவால்லம்மா, ஒருநாள்தான்" என்று தைரியம் சொன்னேன்.

இரண்டாவது சீட்டு சேகருக்கு. அவன் மைக்குக்கு வராமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, யாராவது மனசு மாறுவதற்குள் என்று பாய்ந்து வந்து, "ஸ்டெல்லா! ஸ்டெல்லா! ஸ்டெல்லா!" என்று மூன்று தரம் சொன்னான்.

நான் பெருந்தன்மையாக அவன் தோளைத் தட்டினேன். மைக் பக்கத்திலேயே இருந்தது எனக்குத் தெரியாது.

"எடுத்துக்கோ மச்சான். பைனலுக்கு எங்ககிட்ட அனுப்பிடு."

"இன்னாத்துக்கு?"

"பாடு மாறும் இல்ல?"

அந்தக் கேள்வி ஒலிபெருக்கி வழியாக ஏரி மேல் போய்த் திரும்பி வந்தது. பாடு மாறும் இல்ல... மாறும் இல்ல... முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் மூன்று ஊரும் சிரித்தது. எங்கள் ஊர் மட்டும் சிரிக்கவில்லை.

வாத்தியார் என் காதருகே வந்து, ரொம்ப அன்பாகச் சொன்னார். "ஏழுமலை, இது ஏரி இல்லப்பா. எடுத்தா எடுத்ததுதான்."

அப்போதுதான் அஞ்சலியைப் பார்த்தேன். அவள் அழவில்லை, திட்டவுமில்லை. கூப்பிய கையைப் பிரிக்க மறந்து அப்படியே நின்றாள். அதன்பிறகு என் காதில் சிரிப்புச் சத்தம் விழவில்லை.

எடுத்த ஊர்தான் விருந்தாளிக்குச் சோறு போடவேண்டும். புவனா எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஸ்டூல் மேல் காலை நீட்டிக்கொண்டு நண்டுக் குழம்பு சாப்பிட்டாள். "சூப்பரா இருக்கு ஆன்ட்டி" என்று இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டாள். குமாரி அவளுக்குச் சிரித்துக்கொண்டே பரிமாறிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வாயத் தொறக்காத மனுசன்னு இருவது வருசமா பெருமையா சொல்லிக்கினு இருந்தேன். ஏன் தொறக்கலன்னு இப்பத்தான்யா தெரியுது."

மறுநாள் ஆட்டத்தை நான் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். புவனா நல்ல பெண். ஒற்றைக் காலில் வளையத்துக்குக் கீழே, ஏரியில் வலை கட்ட நட்ட கொம்பு மாதிரி நின்றாள். பந்து அவள் கைக்கு வந்தால் அதை அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். மற்ற எல்லாவற்றையும் அஞ்சலி செய்தாள். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருந்தாள். நண்டுக்குப் பயந்த வடக்குக் குப்பத்துப் பெண்கள் எங்கிருந்தோ தைரியம் வந்து ஆடினார்கள். ஒரே ஒரு கூடையில் நாங்கள் தோற்றோம்.

ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் சார் வந்தார். நான் இரவு முழுக்க ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தேன். "சார், என் பொண்ணு நல்லா ஆடும், ஒரு தடவ பாருங்க சார்." பைனல் ஆரம்பிக்கும் முன் அவர் நாற்காலி அருகே போய் நின்றேன். நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வேணாம்ப்பா, இப்பத்தான் டீ குடிச்சேன்."

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அக்கரைக் குப்பம் ஜெயித்தது. அங்கிருந்து ஒரு பெண்ணை ஹாஸ்டலுக்கு எடுத்துக்கொண்டார்கள். அஞ்சலி அன்றைக்கு வீட்டுக்கு வந்து பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டாள். அது அங்கேயே கிடந்தது. அவள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு அது வழக்கம்தான் என்றாலும், அந்த மௌனமும் என் பழைய மௌனமும் ஒன்றல்ல.

ஒருநாள் நான் கரையேறி வரும்போது மைதானத்தில் பந்து தட்டும் சத்தம் கேட்டது. யாரும் சொல்லாமல் அவளே எடுத்துக்கொண்டு போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் பந்தை என் பக்கம் எறிந்தாள். பிடிக்கத் தெரியாமல் மூக்கில் வாங்கிக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டாள். அன்றைக்கு மூக்கு வலித்த அளவுக்கு வேறு எதுவும் எனக்குச் சுகமாக வலித்ததில்லை.

ஹாஸ்டல் போகாமலே ஆடினாள். பன்னிரண்டாவது முடித்து, பொன்னேரி காலேஜில் சேர்ந்து, அந்த டீமிலும் இடம் பிடித்தாள். போன வருடம் எங்கள் போட்டிக்குக் காலேஜிலிருந்து வந்த நான்கு பெண்களில் அவளும் ஒருத்தி. மேடையில் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் ஊர் இந்த முறை என்னை அனுப்பவில்லை. (அதைச் சொல்லவும் வேண்டுமா?) பாபுவே போனான். மூன்றாவது சீட்டு. முதல் சீட்டு அக்கரைக் குப்பத்துக்கு. சேகர் மைக்கைப் பிடித்து, "எங்க அக்கா பொண்ணு அஞ்சலி" என்றான். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, "மச்சான், பைனலுக்குத் திருப்பி அனுப்பமாட்டோம்" என்றான். ஊர் உருண்டு சிரித்தது. இந்த முறை எங்கள் ஊரும் சேர்ந்து சிரித்தது.

பைனலில் எங்களுக்கும் அக்கரைக்கும்தான் ஆட்டம். குமாரி கூச்சமே இல்லாமல் பிறந்த வீட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் எங்கள் ஊர்க்காரர்கள் நடுவில், பாபுவுக்குப் பக்கத்தில், வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசி நேரம். இரண்டு பக்கமும் சமம். அஞ்சலி பந்தைத் தட்டிக்கொண்டு எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நடுவே புகுந்து வருகிறாள்.

"போடு கண்ணு! போடு! போட்டுடு!"

யாரடா இப்படிக் கத்துகிறான் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன், நாற்காலி கவிழ்ந்து கிடந்தது.

அவள் போட்டுவிட்டாள். எங்கள் ஊர் தோற்றது.

பாபு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா ஏழுமலை, பாடு மாறிடுச்சா?"

இப்போது நான் எங்கே வாயைத் திறந்தாலும் இதே கேள்விதான். குமாரி சமைத்ததை விட்டுவிட்டு அஞ்சலி சமைத்ததைப் பாராட்டினால் போதும், அம்மாவும் பெண்ணும் ஒரே குரலில் கேட்கிறார்கள். நான் தாடையைத் தடவிக்கொள்கிறேன். அதை இப்போது யாரும் நம்புவதில்லை.