ஒர்லியில் ஆறு காலித் தட்டுகள்

பட்டியல் போட்டால் எதையும் சமாளித்துவிடலாம் என்று நம்புகிறவர்களை இப்போதெல்லாம் கொஞ்சம் பரிதாபத்தோடு பார்க்கிறேன். இருபத்தாறு வயது வரை நானும் அப்படித்தான் இருந்தேன். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. ‘இந்தப் பொத்தானை ஒருவர் நாலு தடவை அழுத்தினால்? பெயர் கேட்கிற இடத்தில் போன் நம்பரை எழுதினால்?’ என்று மனிதர்கள் செய்யக்கூடிய முட்டாள்தனங்களை எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவேன். (நான் செய்யக்கூடியவை மட்டும் அந்தப் பட்டியலில் வராது.)

இந்தத் திறமையை என் கல்யாணப் பேச்சிலும் காட்டினேன். அதுதான் வினை.

என் வீடு மும்பை தாராவியில். அப்பா அங்கே பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். பூர்வீகம் திருநெல்வேலிக்குத் தெற்கே. நான் கல்யாணம் செய்துகொள்ள நினைத்த ஹரியின் வீடு மாட்டுங்கா. அவன் அப்பா பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் பாலக்காடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே நடந்தால் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தை இரண்டு குடும்பங்களும் கடக்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. கடைசியில் இரு தரப்பும் இறங்கி வந்து, ‘ஒரே ஒரு தடவை பார்க்கிறோம்’ என்றார்கள். அதில் சரிப்பட்டால் கல்யாணம். இல்லாவிட்டால் இந்தப் பேச்சே வீட்டில் எடுக்கக் கூடாது.

எங்கே பார்ப்பது? எங்கள் வீட்டுக்கு வந்தால், ஹரியின் அம்மா எங்கள் சந்தில் இரண்டு பட்டறைகளைத் தாண்டி, ஒரு டெம்போவைச் சுற்றி வர வேண்டும். அவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றால், “பொண்ணக் கூட்டிட்டுப் போயி நாம அவ்வோ வாசல்ல நிக்கணுமாக்கும்?” என்றார் அப்பா. கோயிலில் வைத்துக்கொண்டால் மாட்டுங்காவே கூடிவிடும்.

“பிரன்ச் போலாம்,” என்றான் ஹரி. “நியூட்ரல் வென்யூ. யார் வீடும் இல்ல.”

அப்பாவுக்கு பிரன்ச் என்றால் என்னவென்று விளக்கினேன். காலைப் பலகாரத்தையும் மத்தியானச் சாப்பாட்டையும் சேர்த்துப் பதினோரு மணி வாக்கில் சாப்பிடுவது.

“ரெண்டுக்கும் சேத்து ஒரு நேரமா? அப்ப பதினோரு மணி வரைக்கும் வெறும் வயித்தோடயா கெடப்பாவ?”

அந்தக் கேள்வியைக் குறித்து வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

பிறகு எக்செல்லைத் திறந்தேன். பாந்திரா முதல் கொலாபா வரை, கடல் பக்கமாகப் பத்தொன்பது இடங்கள். ஒவ்வொன்றுக்கும் பதினான்கு பத்திகள். இரண்டு வீட்டிலிருந்தும் தூரம் சமமா? ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலைக்காக விடும் மெகா பிளாக்கில் ரயில் நின்றால் டாக்ஸி கிடைக்குமா? ஹரியின் உறவினர் யாராவது வரக்கூடிய இடமா? பாட்டுச் சத்தம் எவ்வளவு? உட்கார்ந்த இடத்திலிருந்து கடல் தெரியுமா? (பேச்சு நின்றுபோனால் பார்க்க ஏதாவது வேண்டுமே.) மெனு கார்டு இருந்தால் யார் யாருக்கு என்ன சொல்வது என்று கௌரவப் போட்டி வரும், அதனால் பஃபே மட்டும்.

எல்லாவற்றிலும் சிக்கலானது பதினான்காவது பத்தி: கறி. சைவ ஹோட்டல் என்றால் அப்பா முறைப்பார். அசைவ ஹோட்டல் என்றால் ஹரியின் அம்மா வாசலைத் தாண்ட மாட்டார். கடைசியில் ஒர்லியில் ஓரிடம் தேறியது. (பெயர் வேண்டாம், அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.) கிழக்கு ஓரத்தில் சைவம், மேற்கு ஓரத்தில் அசைவம், நடுவில் எல்லைக் கல் மாதிரி ஒரு ரொட்டிக் குவியல்.

முந்தின நாள் அப்பாவிடம் சொன்னேன். “அப்பா, நாளைக்கு அங்க மேற்குப் பக்கம் மட்டும் போகாதீங்க.”

“மேக்க என்னட்டி இருக்கு, முத்து?”

“கோழி.”

“கோழியையே கண்ணால பாக்காதவன் மாரி நடிக்கணுமோ?”

“ஒரு நாள்தானப்பா.”

அப்பா எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி நான் சாப்பிடாமலே படுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே நானும் ஹரியும் தனியாகக் கிளம்பினோம், கள ஆய்வுக்கு. வெயில் எந்த நாற்காலியில் விழுகிறது, ஏசி யார் தலைமேல் அடிக்கிறது என்று பார்க்க வேண்டாமா? நான் புறப்படும்போது அம்மா அடுப்படியில் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருந்தாள்.

“சொதியாம்மா?”

“ஆமா. நீ போட்டீ, நேரமாவுது.”

மத்தியானத்துக்கு என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் வீட்டில் ஒரு ஈ காக்கை இருக்காது, எல்லோரும் ஒர்லியில் இருப்போம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. (பிழை கண்டுபிடிப்பவளாம்!)

பதினொன்றேகாலுக்கு இரண்டு டாக்ஸிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அப்பா மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். அம்மா கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் பச்சைப் புடவையில். ஹரியின் அம்மா, அதாவது மாமி, அரக்குச் சுங்குடியில். ஹரியின் அப்பா, அதாவது மாமா, குடையோடு. வணக்கங்கள் முடிந்தன. நான் போட்டிருந்த வரைபடப்படி எல்லோரும் உட்கார்ந்தார்கள். கடல் தெரிந்தது. ஏசி யார் தலையிலும் அடிக்கவில்லை. மனதுக்குள் பதினான்கு பத்திகளுக்கும் பச்சை வண்ணம் பூசினேன்.

“சார், ஸ்டார்ட் கீஜியே,” என்றார் பரிமாறுகிறவர், கையைக் கவுண்டர் பக்கம் நீட்டி.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

“நீங்க எடுத்துக்கோங்க,” என்றாள் அம்மா.

“நீங்க ஆகட்டும், நாங்க பின்னாலே,” என்றார் மாமி.

“அவசரமில்ல, பைய எடுப்போம்,” என்றார் அப்பா.

மழையைப் பற்றிப் பேசினார்கள். ஒர்லியில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காததைப் பற்றிப் பேசினார்கள். பிறகு, என் திட்டப்படியே, எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். அதையே இருபது நிமிடம் பார்த்தார்கள். மேஜைமேல் ஆறு வெள்ளைத் தட்டுகள் பளபளத்தன. பரிமாறுகிறவர் மூன்றாவது தடவை வந்து, தோசைக் கவுண்டர் பன்னிரண்டரைக்கு மூடிவிடும் என்று ஹிந்தியில் எச்சரித்தார். மாமா தட்டைப் பார்த்தார். உடனே, பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவர் போல மறுபடி கடலைப் பார்த்தார்.

அம்மா என் காதருகே குனிந்தாள். “ஏட்டி, அவ்வோ தண்ணிகூடக் குடிக்கல பாத்தியா? கை நனைக்க மாட்டாவ போல.”

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போனால், பிடித்திருந்தால்தான் அங்கே சாப்பிடுவார்கள். சாப்பிடாமல் எழுந்துவிட்டால் அதுதான் பதில். வாயால் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தாலும் எனக்கும் அது தெரியும். தெரிந்தும், ஆட்கள் சாப்பிட்டே ஆக வேண்டிய ஓர் இடத்தைத் தேடித் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு குடும்பத்தையும் நேருக்கு நேர் உட்கார வைத்திருந்தேன்.

அந்தப் பக்கம் ஹரி அவன் அம்மாவோடு கிசுகிசுத்துவிட்டு எனக்கு மெசேஜ் அனுப்பினான். ‘உங்கப்பா பிளேட்டைத் தள்ளி வெச்சுட்டாராம். எங்களைப் பிடிக்கலையான்னு அம்மா கேக்கறா. குச் கர், ஏதாவது பண்ணு!’

நிமிர்ந்து பார்த்தேன். அப்பாவின் தட்டு உண்மையிலேயே ஒரு சாண் தள்ளி இருந்தது. கோழிக் கோபம் என்று முடிவு செய்தேன். என்னால்தான், என் பதினான்காவது பத்தியால்தான்.

அப்பா நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். “சரி. பாத்தாச்சு, பேசியாச்சு. அப்ப நாங்க பொறப்படுதோம்.”

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. நான் எழுந்து நின்றேன். ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிற குரல், என்னைக் கேட்காமல், வெளியே வந்தது.

“ஒரு நிமிஷம். யாரும் எந்திரிக்கக் கூடாது.”

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். ஒரு டிஷ்யூவை இழுத்து விரித்தேன். ஒன்று முதல் நான்கு வரை எண் போட்டேன்.

“இங்க ஒரு ப்ராப்ளம் இருக்கு. ஒவ்வொருத்தரா சொல்லிடுங்க. ஏன் சாப்பிடல? மாமா, நீங்க முதல்ல.”

மாமா, லீவு கேட்க மேனேஜர் அறைக்குள் நுழைகிறவர் போல, மாமியைப் பார்த்தார். ஹரி கண்களை மூடிக்கொண்டான். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். பக்கத்து மேஜையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

அந்த அமைதியில் என் வயிறு கத்தியது. மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் நிற்காமல் போகும் விரார் ஃபாஸ்ட் ரயில் மாதிரி, தூரத்தில் தொடங்கி, நெருங்கி, அதிர்ந்து, மெல்ல ஓய்ந்தது.

“எந்தா அது?” என்றார் மாமி.

“முத்துதான்மா,” என்றான் ஹரி, கண்ணைத் திறக்காமலே. “நேத்து ராத்திரிலேர்ந்து அவ ஒண்ணும் சாப்பிடலை. பயத்துல.”

“அடக் கஷ்டமே! கொழந்தையைப் பட்டினி போட்டுட்டு நாம இங்க மானம் பார்த்துண்டு உக்காந்திருக்கோமா? நீ சாப்பிடேண்டி!”

“நீங்க யாரும் சாப்பிடாம எப்படி மாமி?”

“என்னாலே ஒரு பருக்கை முடியாது, கேட்டயா? எங்காத்துல பத்து மணிக்கு ஊணு ஆயிடும். இவர் வேலையில இருந்தப்போ பழகினது. இன்னிக்கும் ஆயாச்சு. மொளகூட்டல், சேனை மெழுக்குபெரட்டி, மோர்…”

“பாயசம்,” என்றார் மாமா மெதுவாக, குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

ஹரியைத் திரும்பிப் பார்த்தேன். ‘உன் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாதா?’ என்று கண்ணால் கேட்டேன். பாவம், வேலை நாட்களில் ஏழு மணிக்கே பவாய் ஆபீஸுக்கு ஓடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூங்குகிறவன், அன்று பத்து மணி என்று ஒன்று இருப்பதையே பார்த்ததில்லை.

அப்பா மெல்ல மறுபடி உட்கார்ந்தார். “என்ன சொன்னிய? சாப்ட்டுட்டா வந்திய?”

அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று ஒரு கணம் பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பேச முடியாமல் அம்மாவைக் கை காட்டினார்.

“நாங்களும் சாப்ட்டுட்டுத்தாம்மா வந்தோம்,” என்றாள் அம்மா. “நல்ல காரியம் பேசப் போற எடத்துல பறக்காவெட்டி மாரி பசியோட போயி உக்காரக் கூடாதுன்னு இவுக சொல்லிட்டாவ. ஒம்பதரைக்கே சோறும் சொதியும் ஆச்சு. இவுகளுக்கு மூச்சு முட்டுது. அதான் தட்டத் தள்ளி வச்சாவ.”

“சொதின்னா?” என்றார் மாமி.

“தேங்காப் பால்ல வைக்கிற கொழம்பு.”

“எங்க மொளகூட்டலுக்கும் தேங்காதான். ஆனா அரைச்சு விடணும்.”

“அரைச்சா கனத்துப் போவும்லா?”

“பால் பிழிஞ்சா அந்தச் சக்கையை என்ன பண்ணுவேள்? வீணாப் போகாதோ?”

“வீணாவா? அதுலதான் தொவையலே!”

இரண்டு பேரும் நாற்காலியை ஒருவரை நோக்கி ஒருவர் இழுத்துக்கொண்டார்கள். நான் டிஷ்யூவில் எழுதினேன்: காரணம்: வயிறு நிறைந்திருக்கிறது. இரு தரப்பும். என் தொழில் வாழ்க்கையில் கண்டுபிடித்த மிகப் பெரிய பிழை அதுதான். அதை எழுதியவளும் நான்தான் என்பது சிறு விஷயம்.

மாமி என் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். “இரு, நான் கொண்டு வரேன்.” நேராக மேற்குப் பக்கம் நடந்தார்.

அப்பா பாய்ந்து எழுந்தார். “அம்மா! அம்மா! அங்க போவாதிய, அது கோழி!” ரொட்டிக் குவியலுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து, சயான் சர்க்கிள் டிராஃபிக் போலீஸ் மாதிரி நின்றார். “நீங்க இந்தப் பக்கம்.”

“அப்போ அது ஒங்க பக்கமோ?”

“எங்க பக்கம்தான். இன்னிக்கு மட்டும் எம்மவ தடா போட்டிருக்கா.”

மாமி திரும்பி என்னைப் பார்த்தார். அவர் குரல் ஹால் முழுவதும் கேட்டது. “ஏண்டி, ஒங்கப்பாவைக் கோழி திங்கக் கூடாதுன்னயா? நாங்க மாட்டுங்காவிலே இருக்கோம், மடத்திலே இல்லை!”

அவ்வளவு கவனமாக நான் கட்டிக் காத்த பதினான்காவது பத்தி அங்கே இடிந்து விழுந்தது. இவர்களைப் பற்றிய என் பயம் எல்லாம் நான் மட்டும் தனியாக உட்கார்ந்து எழுதியது. யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை.

அப்புறம் நான் சாப்பிட்டேன். தோசை, அப்பம், பேர் தெரியாத பச்சைப் பழத்தைத் தடவிய ரொட்டி, மறுபடி தோசை. நான்கு பெரியவர்களும் நாற்காலிகளை என் பக்கம் திருப்பிப் போட்டு, பரீட்சை ஹாலில் மேற்பார்வை செய்கிறவர்கள் போல, முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள். “இன்னொண்ணு வெச்சுக்கோ.” “ஏட்டி, மெல்லத் தின்னு.” ஹரியும் என் பக்கத்தில் உட்கார்ந்து ஈடு கொடுத்தான்.

நான் கை துடைக்கும்போது அப்பா தொண்டையைச் செருமினார். “எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிடிச்சிருந்தாத்தான் கை நனைப்போம். இப்ப நனைக்கணும்னு ஆசையா இருக்கு. வயித்துலதான் எடமில்ல.”

அதுவரை ‘பாயசம்’ என்ற ஒரு வார்த்தை மட்டும் பேசியிருந்த மாமா எழுந்து போனார். ஒரு சின்னத் தட்டில் நான்கு பப்பாளித் துண்டுகளோடு வந்தார். முள்கரண்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, கையாலேயே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கஷ்டப்பட்டு விழுங்கினார்.

“ஆச்சு,” என்றார்.

மற்ற மூன்று துண்டுகளும் அடுத்த நிமிடம் போய்விட்டன.

இப்போது நானும் ஹரியும் செம்பூரில் இருக்கிறோம். அந்த எக்செல் இன்னும் இருக்கிறது. கடலோரமாக பிரன்ச்சுக்கு எங்கே போகலாம் என்று ஆபீஸில் கேட்கிறவர்களுக்கு எல்லாம் அனுப்புகிறேன். முதல் பத்தியை மட்டும் மாற்றியிருக்கிறேன்: ‘வருகிறவர்கள் சாப்பிட்டாயிற்றா?’ ஒவ்வொரு வருடமும் கல்யாண நாளை ஒட்டி ஆறு பேரும் அதே ஒர்லிக்குப் போகிறோம். பெரியவர்கள் நான்கு பேரும் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள். பரிமாறுகிறவர் இப்போது அவர்கள் முன்னால் தட்டு வைப்பதில்லை. நேராகப் பப்பாளி கொண்டு வந்துவிடுகிறார்.

போன மாதம் ஹரியின் சித்தி பிள்ளைக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து மாமி எனக்கு போன் செய்தார். குரலில் உற்சாகமே இல்லை.

“எப்படிம்மா இருந்தது?” என்றேன்.

“பொண்ணு நன்னாத்தான் இருக்கா. ஆனா என்னவோ மனசுக்குப் பிடிக்கலைடீ. ஹோட்டல்ல அவா எல்லாரும் ரெண்டு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டா.” பெருமூச்சு விட்டார். “என் சம்பந்தி மாதிரி வருமோ? அன்னிக்கு ஒரு வாய் தொடலையே!”